சரோஜினி வேடம்

நோட்டீஸ் அடித்தது நான்தான். அதில் யாரையும் கை காட்ட முடியாது. 2023 ஏப்ரல் மாதம். அம்பேத்கர் பிறந்தநாளுக்கு எங்கள் தெருப் பெண்பிள்ளைகளை வைத்து நாடகம் போடுவதென்று தோழர்கள் கூடி முடிவு செய்திருந்தோம். குழுவுக்கு 'ரோசி கலைக்குழு' என்று பேர் வைத்தது நான். இளஞ்சிவப்புத் தாளில் இருநூறு நோட்டீஸ். அதில் 'முன்னிலை' என்று போட்டு என் பெரியம்மை பேரையும் போட்டு, பக்கத்தில் 'நமது தெருவின் முதல் நாடக நடிகை' என்றும் அடித்திருந்தேன். பெரியம்மையிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சந்தோஷப்படுவாள் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் காலையில் பெரியம்மை சாகுபுரம் பஸ் ஸ்டாப்பில் வந்து இறங்கினாள். அவள் கட்டிக்கொடுத்த ஊர் தூத்துக்குடிக்கு அந்தப் பக்கம். தனியாக எங்கேயும் போகிறவள் இல்லை. வீட்டுக்கு வந்து தண்ணீர்கூடக் குடிக்காமல் மடியில் இருந்து நோட்டீஸை எடுத்தாள். நாலாக மடித்திருந்தது.

"இதுல என் பேர எடுக்கணும்ளா. எம்மவன் கைக்கு வந்துட்டு. 'இது யாரும்மா, ஒன் பேரா?'ன்னு கேக்கான். வேற யாரோன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்."

பெரியம்மைக்கு அப்போது அறுபத்தொரு வயது. மகனுக்கு முப்பத்தைந்து. அம்மா ஒரு ராத்திரி மேடையில் நின்றாள் என்பது அவனுக்குத் தெரியாது. அவன் அப்பாவுக்கும் சாகும்வரை தெரியாது.

சாகுபுரம் என்பது பழைய ஊர்ப்பேர் இல்லை. 1950களின் கடைசியில் இங்கே ரசாயனத் தொழிற்சாலை வந்தபோது, அதை நடத்திய சாகு என்ற வடநாட்டுக் குடும்பத்தின் பேரோடு சேர்ந்து வந்தது. ஒரு பக்கம் ஆறுமுகநேரி, இன்னொரு பக்கம் காயல்பட்டினம், நடுவே கண்ணுக்கெட்டின வரைக்கும் உப்பளம். எங்கள் தெருக்காரர்களுக்குப் பாட்டன் காலம் தொட்டே உப்பு வாருகிற வேலை. பெரியம்மை பத்து வயதில் அம்மாச்சியோடு அளத்துக்குப் போனவள். விடியுமுன்னே போய், வெயில் ஏறுமுன்னே பாத்தியில் இருந்து உப்பை வாரி, பெட்டியில் தலைச்சுமையாக அம்பாரத்துக்குக் கொண்டு போகவேண்டும். உப்புத் தண்ணீர் கால் வெடிப்பில் இறங்கினால் எப்படி இருக்கும் என்று அளத்தில் நின்றவர்களுக்குத்தான் தெரியும்.

1979 பொங்கலுக்கு எங்கள் தெரு இளைஞர் மன்றத்தில் சமூக நாடகம் போட்டார்கள். அந்தக் காலத்தில் பொங்கல், கோயில் கொடை என்று ஊருக்கு ஊர் நாடகம். ஆண் வேடமெல்லாம் உள்ளூர்ப் பையன்கள் கட்டுவார்கள். கதாநாயகிக்கு மட்டும் வெளியூரில் இருந்து காசு கொடுத்து நடிகையைக் கூட்டிவருவார்கள். அந்த வருசம் எங்கள் தெருவில் வரி பிரிந்தது குறைவு. மைக்செட்டுக்கும் சீனுக்குமே காசு தீர்ந்துபோயிற்று. எங்கள் மாமா ஒருத்தர்தான் நாடக வாத்தியார். அவர் அம்மாச்சி காலில் விழாத குறையாகக் கேட்டு பெரியம்மையை இறக்கிவிட்டார். பதினேழு வயது. ஜமீன்தார் மகள் வேடம். பக்கத்துத் தெரு டீச்சரம்மா ஒருத்தர் பெரிய மனசு பண்ணிப் பட்டுச்சேலை கொடுத்தார். நகையெல்லாம் கவரிங்.

அம்மா சொல்லித்தான் எனக்கு இது தெரியும். "அக்கா நடந்து வந்தா பாரு, அளத்துல உப்புச் சுமந்தவன்னு எவனும் சொல்லமாட்டான்" என்பாள். வசனம் முழுக்க ஒரு தடவைகூடத் தட்டாமல் சொன்னாளாம். வேலைக்காரனாக வந்த பையனைப் பார்த்து 'யாரடா அங்கே' என்று அவள் கூப்பிட்டபோது எங்கள் தெரு சனமே கைதட்டிச்சாம். அப்படி ஒரு அதட்டல் எங்கள் தெருப் பொம்பளை வாயில் இருந்து வந்ததை அதற்கு முன்னே யார் கேட்டிருக்கிறார்கள்?

மறுநாள் அளத்தில் கங்காணி அவள் கையில் பெட்டியைக் கொடுக்காமல் நின்றானாம். "ஜமீன்தார் மகள் சொமக்கலாமா? பல்லக்கு வரும், இரி." மற்றவர்கள் எல்லாம் பாதி உப்பு வாரி முடித்த பிறகுதான் பெட்டி கொடுத்தான். அன்றைக்குப் பாதிக் கூலி. அந்த வாரம் முழுக்க இப்படித்தான். ரோட்டில் போனால் மேலத்தெருப் பையன்கள் 'மகாராணி' என்று சைக்கிள் மணியடிப்பார்கள். ஒருவன் கேட்டானாம், 'பறச்சிக்குப் பட்டுச்சேலை எவம்ளா எடுத்துக் கொடுத்தான்' என்று.

இதையெல்லாம்கூடத் தாங்கிக்கொண்டாள். தாங்கமுடியாதது எங்கள் ஆள்கள் செய்தது. பெண் பார்க்க வந்த இரண்டு இடம், நம்ம சாதிக்காரர்கள்தான், 'மேடை ஏறின பொண்ணாமே' என்று திரும்பிப் போய்விட்டார்கள். கூத்தாடி என்ற வார்த்தையைச் சொன்னது மேல்சாதிக்காரன் இல்லை, எங்கள் சொந்தம். தலித் இலக்கியம் எழுதுகிற நாம் இதையும் எழுதத்தான் வேண்டும். கடைசியில் எங்கள் ஊர் விவரம் தெரியாத தூரத்து ஊரில் மாப்பிள்ளை பார்த்து, தெருவே வாயை மூடிக்கொண்டு, கட்டிக்கொடுத்தார்கள்.

இப்போது ரோசி.

பாளையங்கோட்டையில் நான் எம்.ஏ. தமிழ் படிக்கும்போது நாடகத்துக்கென்று ஒரு தாள் இருந்தது. சங்கரதாஸ் சுவாமிகள் தூத்துக்குடியில் 1867இல் பிறந்தவர், பையன்களை வைத்துக் கம்பெனி நடத்தினார் என்பதெல்லாம் மனப்பாடம் பண்ணி எழுதி மார்க் வாங்கினேன். எங்கள் மாவட்டத்துக்காரர் என்று ஒரு பெருமைகூட. அந்தத் தாளில் ஊர் நாடகங்களில் நடித்த பொம்பளைகளைப் பற்றி ஒரு வரி கிடையாது. அந்தச் சமயத்தில், 2013இல், ஹாஸ்டலில் மார்த்தாண்டத்துக்காரி ஒருத்தி லேப்டாப்பில் 'செல்லுலாய்ட்' மலையாளப் படம் போட்டாள். கமல் எடுத்தது. மலையாள சினிமாவின் தந்தை என்கிற ஜே.சி. டேனியலாக பிருத்விராஜ் நடித்திருந்தார். எல்லாரும் டேனியலுக்காக அழுதார்கள். நான் ரோசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பி.கே. ரோசி 1903இல் திருவனந்தபுரம் நந்தன்கோட்டில் புலையர் குடும்பத்தில் பிறந்தவர். புல் அறுத்து விற்ற குடும்பம். காக்காரிசி நாடகத்தில் பேர் வாங்கினார். காக்காரிசி என்பது தென் திருவிதாங்கூர்ப் பக்கத்துக் கூத்து. சிவனும் பார்வதியும் குறவன் குறத்தி போல நாடோடியாக, காக்கானும் காக்காத்தியுமாக வருவார்கள். மலையாளமும் தமிழும் கலந்துதான் பேச்சும் பாட்டும் இருக்கும். நம் குறவஞ்சிக்குப் பக்கத்து வீடு என்று சொல்லலாம்.

அகஸ்தீஸ்வரத்துக்காரரான டேனியல், நிலத்தை விற்றுத் திருவனந்தபுரத்தில் ஸ்டுடியோ போட்டு, 'விகதகுமாரன்' என்ற ஊமைப்படம் எடுத்தார். மலையாளத்தின் முதல் படம் அது. பணக்கார வீட்டுப் பையனை ஒருத்தன் சிலோனுக்குக் கடத்திக்கொண்டு போகிற கதை. கதாநாயகிக்குப் பம்பாயில் இருந்து ஒரு நடிகையைக் கூட்டிவந்தார், ஒத்துவரவில்லை. பிறகுதான் ரோசி. சரோஜினி என்ற நாயர் பெண் வேடம். நாளைக்கு ஐந்து ரூபாய் வீதம் பத்து நாள் நடித்தார் என்று எழுதியிருக்கிறார்கள். பகலில் படப்பிடிப்பு, சாயங்காலம் காக்காரிசி. மத்தியானச் சோற்றை வீட்டில் இருந்தே கொண்டுவந்துவிடுவாராம். சரோஜினியாக நாற்காலியில் உட்காரலாம், ரோசியாக அங்கே பந்தியில் உட்கார முடியாது.

படம் கேப்பிட்டல் தியேட்டரில் திரையிடப்பட்டது. 1928 நவம்பர் என்று நெடுநாள் சொல்லிவந்தார்கள், 1930 அக்டோபர் என்று பிறகு வந்த ஆராய்ச்சிக்காரர்கள் சொல்கிறார்கள். எந்த வருசமானாலும் ஒன்றுதான். திருவிதாங்கூரில் கோயில் நுழைவு அறிவிப்பு வந்தது 1936 நவம்பரில். அதற்கு முந்தின காலம் அது. தொடங்கிவைக்க வந்த வக்கீல் மள்ளூர் கோவிந்தப் பிள்ளை, ரோசி அங்கே இருந்தால் நான் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். தன் படத்தின் முதல் காட்சிக்குக் கதாநாயகிக்கு இடமில்லை. திரையில் அவர் தலையில் வைத்த பூவை நாயகன் முத்தமிடுகிற காட்சி வந்ததும் தியேட்டரில் கலவரம். கல்லெறிந்து திரையைக் கிழித்தார்கள். பிறகு ரோசி வீட்டுக்குத் தீ வைத்தார்கள்.

நான் திரும்பத் திரும்ப யோசித்தது இதைத்தான். காக்காத்தியாக ஆடினபோது ரோசி மேல் ஒருத்தனும் கல்லெறியவில்லையே. அதே ஆள், அதே உடம்பு. நாடோடிப் பெண்ணாக வந்தால் காசு கொடுத்துப் பார்ப்பான், சரோஜினியாக வந்தால் வீட்டைக் கொளுத்துவான். நடித்தது குற்றம் என்றால் காக்காரிசியிலேயே கொளுத்தியிருக்க வேண்டும். நாயர் வீட்டுச் சேலையை ஒரு புலையப் பெண் கட்டி நடந்தால் அச்சு அசல் நாயர் வீட்டுப் பெண்ணாகவே தெரிகிறாள் என்றால், பிறப்பில் என்ன இருக்கிறது என்ற கேள்வி வந்துவிடும். அந்தக் கேள்வியைத்தான் கொளுத்தினார்கள். எங்கள் கங்காணிக்கும் இதே பயம்தான். 'யாரடா அங்கே' என்று ஒருநாள் கூப்பிட்டவள் நாளைக்கு அவனை அப்படிக் கூப்பிட்டுவிட்டால்?

அமெரிக்காவில் ஹாட்டி மெக்டேனியல் என்று ஒரு கறுப்பின நடிகை இருந்தார். அப்பாவும் அம்மாவும் அடிமைகளாகப் பிறந்தவர்கள். பாட்டு, மேடை, ரேடியோ என்று எல்லாம் பார்த்துவிட்டு சினிமாவுக்கு வந்தவர். 'கான் வித் த விண்ட்' படத்தில் நடித்தார். 1939 டிசம்பரில் அட்லாண்டாவில் அந்தப் படத்தின் முதல் காட்சி நடந்தபோது அவரால் போகமுடியவில்லை. அங்கே வெள்ளையர் தியேட்டரில் கறுப்பருக்கு இடமில்லை. அடுத்த பிப்ரவரியில் அவருக்கு ஆஸ்கர் கிடைத்தது. ஆஸ்கர் வாங்கிய முதல் கறுப்பினக் கலைஞர். அந்த விழா நடந்த ஹோட்டலிலும் கறுப்பர் நுழையக்கூடாது. தயாரிப்பாளர் தனியாகச் சொல்லி ஏற்பாடு பண்ணி, சுவர் ஓரமாக ஒரு தனி மேஜையில் உட்காரவைத்தார்கள். 1952இல் சாகும்போது ஹாலிவுட் கல்லறையில் புதைக்கச் சொல்லிக் கேட்டிருந்தார். அங்கேயும் இடமில்லை என்றார்கள். 1999இல்தான் அங்கே ஒரு நினைவுக்கல் வைத்தார்கள்.

இரண்டு பேரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. ஹாட்டிக்குக் கிடைத்தவற்றில் பெரும்பாலும் வேலைக்காரி வேடம். அதற்காகச் சொந்த இனத்து இயக்கங்களே அவரைத் திட்டின. வேலைக்காரியாக நடி, பரிசு தருகிறேன், ஆனால் மேஜை வேறு என்பது அங்கே. ரோசிக்கு எஜமானி வேடம் கிடைத்தது, ஒரே ஒரு படம். வேலைக்காரி வேடம் என்றால் ரோசி பத்துப் படம் நடித்திருப்பாரோ என்னவோ.

தீ வைத்த ராத்திரி ரோசி ஓடிவந்து ஒரு லாரியில் ஏறினார். லாரி ஓட்டியவர் கேசவப் பிள்ளை, நாயர். நாகர்கோவில் போகிற லாரி. அவரையே ரோசி கல்யாணம் செய்துகொண்டார். அவருடைய வீட்டார் சேர்த்துக்கொள்ளவில்லை. ரோசி தமிழ்நாட்டுக்குத் தப்பி ஓடினார் என்று எழுதுகிறார்கள். நாகர்கோவில் 1956 வரைக்கும் திருவிதாங்கூர் பக்கம்தானே இருந்தது? அவர் தப்பித்தது நாட்டில் இருந்து இல்லை, பேரில் இருந்து. நாகர்கோவிலில் ராஜம்மாள் ஆனார். பிறகு நடிக்கவே இல்லை. பிள்ளைகள் நாயர்களாக வளர்ந்தார்கள், அம்மா சினிமாவில் நடித்த கதை அவர்களுக்கு அதிகம் தெரியவில்லை என்று அந்தக் குடும்பத்தைப் பார்த்தவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

அதாவது, எந்த வேடத்துக்காகக் கல்லெறிந்தார்களோ அந்த வேடத்தை ரோசி ஆயுசு முழுக்கக் கட்டினார். இந்தத் தடவை கேமரா கிடையாது, கைதட்டு கிடையாது, கலைக்க நேரம் கிடையாது. ஒருத்தரும் கண்டுபிடிக்கவில்லை. அப்படியானால் அவர் எப்பேர்ப்பட்ட நடிகை! படச்சுருளும் அழிந்துபோயிற்று. நாம் பார்க்கமுடியாத இரண்டு நடிப்பு அவருடையது.

டேனியலுக்கும் நல்ல சாவு இல்லை. கையில் இருந்ததெல்லாம் போய், பல் வைத்தியம் பார்த்துப் பிழைத்து, 1975இல் அகஸ்தீஸ்வரத்தில் செத்தார். ஆனால் 1992இல் கேரள அரசு அவர் பேரில் விருது ஏற்படுத்தியது. தந்தை என்று பட்டம் வந்தது. ரோசியைத் தேடி 1970களிலேயே எழுதத் தொடங்கிய குன்னுகுழி மணி போன்றவர்கள் இல்லாவிட்டால் இந்த அளவுக்கும் தெரிந்திருக்காது. பிறகுதான் நாவல், படம். 2019இல் கேரளத்து சினிமாப் பெண்கள் கூட்டமைப்பு தன் திரைப்படச் சங்கத்துக்கு ரோசி பேர் வைத்தது. சென்னையில் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம் ரோசி பேரில் திரைப்பட விழா நடத்தியது. 2023 பிப்ரவரி 10, பிறந்தநாளன்று கூகுளே படம் வரைந்து போட்டது.

அந்த கூகுள் படத்தைப் பார்த்துத்தான் எனக்குக் குழுவுக்கு இந்தப் பேர் வைக்கத் தோன்றியது. அதே வேகத்தில்தான் பெரியம்மை பேரையும் அடித்தேன்.

அன்றைக்குப் பெரியம்மையிடம் நான் சண்டை போட்டேன் என்றுதான் சொல்லவேண்டும். ரோசி கதை முழுக்கச் சொன்னேன். "நீயும் இப்படி ஒளிஞ்சிக்கிட்டா, நாளைக்கு நம்ம தெருவுல நாடகம்னா அந்த மாமா பேரை மட்டும்தான் சொல்லுவாவ" என்றேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். லாரியில் ஏறின இடம் வந்ததும் கேட்டாள்.

"அவ புருஷனுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சுதான் கட்டியிருப்பாரு."

"அப்ப அவ குடுத்துவச்சவ."

கொஞ்ச நேரம் கழித்து, "அவ பேரை மாத்திக்கிட்டாள்லா? புள்ளையள்ட்ட சொல்லலைல்லா? பொறவு நீங்க எதுக்குப் போயி இழுத்துட்டு வாறிய?" என்றாள்.

நான் அரசியல் பேசினேன். வரலாறு, மீட்டெடுப்பு, பதிவு. மேடையில் பேசிப் பேசிப் பழகின வார்த்தைகள். அந்தத் திண்ணையில் ஒன்றுகூட எடுபடவில்லை.

"கல்லெறிஞ்சவன் பேரு எவனுக்காவது தெரியுமா?" என்று கேட்டாள். "ஒருத்தன் பேரு சொல்லு பாப்பம். ஒளிஞ்சவளைத்தான் எல்லாரும் தேடுதியோ."

அதற்கு என்னிடம் பதில் இல்லை. வக்கீல் பேர் ஒன்று தெரியும். கல்லெறிந்த கை ஒன்றின் பேரும் தெரியாது. எங்கள் கங்காணி பேரை எங்கள் அம்மாவே மறந்துவிட்டாள்.

இதில் பெரியம்மை சொல்வது முழுக்கச் சரி என்று இன்றைக்கும் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. ரோசி பேரைச் சொல்லாமல் விட்டால் லாபம் தீ வைத்தவனுக்குத்தான். அவன் கேட்டதும் அதுதானே, இந்தப் பேர் இருக்கக்கூடாது என்று. ஆனால் ரோசி செத்துப்போனவர். பெரியம்மை உயிரோடு இருக்கிறவள். அவளுக்கு மருமகள் இருக்கிறாள், சம்பந்தக்காரர்கள் இருக்கிறார்கள், பேத்திக்கு மாப்பிள்ளை பார்க்கிற காலம் வரும். அந்த வீட்டில் அவள் எந்தப் பேச்சோடு இருக்கவேண்டும் என்பதை நான் இளஞ்சிவப்புத் தாளில் முடிவு பண்ணிவிட்டேன். நானும் தூத்துக்குடியில் வாடகைக்கு வீடு கேட்டுப் போனபோது, 'நீங்க எந்த ஆளுங்க' என்ற கேள்விக்கு ஒரு தடவை வாயில் வந்த வேறு சாதியைச் சொன்னவள்தான். எட்டு மாதம் அந்த வீட்டில் அந்த வேடத்தில் இருந்தேன். அதை எந்த மேடையிலும் நான் சொன்னது கிடையாது.

மிச்சம் இருந்த நோட்டீஸ் நூற்றி முப்பது. கறுப்பு மார்க்கர் வாங்கிவந்து நானும் இரண்டு பிள்ளைகளும் உட்கார்ந்து அந்த வரியை அடித்தோம். பெரியம்மையும் கூட உட்கார்ந்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, பேர் தெரிகிறதைத் தனியாக எடுத்துவைத்து, "இது தெரியுது, இன்னொரு தடவை அடி" என்று கொடுத்துக்கொண்டிருந்தாள். கொடுத்து முடிந்துபோன எழுபதுக்கு என்ன செய்ய? தெருத்தெருவாகப் போய்க் கேட்டு வாங்கினோம். ஐம்பது போலக் கிடைத்தது.

குழுவின் பேரை மாற்றவா என்றும் கேட்டேன். "அது ஒங்க பாடு. அவள்ட்ட கேக்க முடியாதுல்லா" என்றாள். பேர் அப்படியே இருக்கிறது.

நாடகம் நடந்த அன்றைக்குப் பெரியம்மை வருவாள் என்று நான் நினைக்கவில்லை. தண்ணீர் டேங்க் பக்கம், ஆம்பிளைகள் நிற்கிற இடத்துக்கும் பின்னால், தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு நின்றிருக்கிறாள். அம்மாதான் பார்த்திருக்கிறாள். கடைசி பஸ்ஸைப் பிடிக்கப் பாதியிலேயே போய்விட்டாள். இந்தக் கட்டுரைக்கும் அவளிடம் கேட்டேன். என் பேர் வேண்டாம், கட்டிக்கொடுத்த ஊர் வேண்டாம், மாமா பேரும் வேண்டாம், மற்றதை எழுதிக்கோ என்றாள்.

நாடகத்துக்கு மறுநாள் காலையில் போன் வந்தது.

"நடுவுல நின்னுச்சே, அந்த ஒல்லிப் புள்ள. அதுக்கு வசனம் நல்லா வருது. ஆனா மைக்கைப் பாத்தே பேசுது, பின்னால நிக்கவனுக்கு ஒண்ணும் கேக்கல. தலையை நிமித்தி, கடைசியில நிக்கவன் மொகத்தைப் பாத்துப் பேசச் சொல்லு. மைக்கு தானா எடுத்துக்கிடும்."